புதுப்பிப்பு: மறுசுழற்சித் தாள் நோட்டுகளில் மை ஊறுவது குறித்து
கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டியூஷன் பிள்ளைகளுக்கு வாங்கும் மறுசுழற்சித் தாள் நோட்டுகளில் மைப்பேனா எழுத்து மறுபக்கம் ஊறுகிறதே, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தாளின் கனத்தைப் பார்க்கும் யோசனை பாதிதான் பலித்தது, ஏனெனில் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் ஒன்றிலும் மை பரவியது. கைகொடுத்தது, தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னவரின் வழிதான்: பசையேற்றம் (ஈரம் ஊறாதிருக்கத் தாளில் பசைப்பொருள் சேர்ப்பது) குறைந்த தாள் சொட்டை உடனே உறிஞ்சிக் கறுத்துவிடுகிறது, நன்றாகப் பசையேற்றிய தாளிலோ அது முத்துப்போல் நிற்கிறது. அப்படித் தேறிய நோட்டில் மை ஊறவில்லை. எதிர்பாராதது ஒன்று உண்டு: பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தால் பிசிறு எழுகிறது, மறுசுழற்சியில் நார்கள் குட்டையாகிவிடுவதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆகவே பென்சிலில் எழுதும் சிறு வகுப்புகளுக்கு வழக்கமான நோட்டையே வாங்குகிறோம்.