ஒயிட்ஃபீல்டில் வேலை, சிறிய வாடகை: கர்நாடகத்தில் எந்த ஊரில் குடியேறுவது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றிவந்த எனக்கு, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அதே போன்ற வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் குடும்பத்தோடு இடம்பெயர வேண்டும். கணவர் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறார். போகும் ஊரிலும் அதையே தொடர்வதாக இருக்கிறார். மகன் நான்காம் வகுப்புக்குப் போகிறான். எங்களோடு இருக்கும் மாமியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. வாடகைக்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது. அந்தத் தொகைக்கு அலுவலகத்தின் அருகில் ஒற்றை அறையைத்தான் காட்டுகிறார்கள். சேமிப்பு கொஞ்சம் இருப்பதால், வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்து லீசுக்கு வீடு எடுக்கலாம் என்றும் தரகர் ஒருவர் சொல்கிறார். ஓசூர், கோலார் தங்கவயல், மைசூரு என்று ஆளுக்கோர் ஊரைச் சொல்வதால் குழப்பமே மிஞ்சுகிறது. வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் செல்ல வேண்டும்.

ஓசூர்ச் சாலை:

சகோதரி, உங்கள் குடும்பத்துக்கு ஓசூர்தான் பொருத்தம். மாநில எல்லையைத் தாண்டாமலேயே பெங்களூரு சம்பளத்தைப் பெறும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. குடும்ப அட்டையை மாற்ற வேண்டியதில்லை. மாமியாருக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறதென்றால் அந்த 1,000 ரூபாயும் நிற்காது. வண்டிக்குப் புதிய பதிவெண் வாங்கும் அலைச்சல் இல்லை. மகன் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே படிப்பைத் தொடரலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்கு மட்டுமே செல்லும். அதிலும் மத்திய அரசின் தானியம் கிடைக்குமே தவிர, நம் கடையில் வாங்கும் பருப்பும் பாமாயிலும் கர்நாடகத்தில் கிடைக்காது. மேலும் 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டுவிட்டதால், ஓசூர்ச் சாலையின் நெரிசலும் முன்போல் நம்மை வாட்டுவதில்லை.

தங்கவயல் மைந்தன்:

ஓசூர் நண்பர் சொல்வதெல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவருக்குப் பொருந்தும். சகோதரிக்கு வேலை ஒயிட்ஃபீல்டில். மஞ்சள் தடத்தை நம்பி அவர் கிளம்பினால், பொம்மசந்திராவில் ஏறி, ராஷ்டிரிய வித்யாலயா சாலையில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி, நகரை முக்கால் வட்டம் சுற்றிய பிறகே ஒயிட்ஃபீல்டில் இறங்க முடியும். சாலை வழியாகப் போவதென்றால் சர்ஜாப்பூர்ப் பக்கம். அந்தச் சாலையின் காலை நேரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

தங்கவயலின் நிலை வேறு. மாரிகுப்பத்தில் புறப்படும் ரயில் ஊர்காம், பங்காருப்பேட்டை, மாலூர் வழியாக நேரே ஒயிட்ஃபீல்டு நிலையத்துக்கு வருகிறது. இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. ரயில் புறப்படும் இடமே எங்கள் ஊர் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும்; மாலூரில் ஏறுபவர் கதவருகில் ஒற்றைக் காலில் நிற்கும்போது, எங்கள் ஊர்ப் பெண்கள் கீரை ஆய்ந்து முடித்துப் பையில் கட்டியிருப்பார்கள். மாதச் சீசன் சீட்டுக்கு ஆகும் செலவை உங்கள் அலுவலகத்தில் ஒரு வாரத் தேநீர்ச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்துக் கிடப்பது இந்த ரயிலால்தான்.

இன்னொன்று, உங்கள் மாமியாருக்கு இது வெளிமாநிலமாகவே தோன்றாது. சுரங்க வேலைக்காக வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். எங்கள் ஊரின் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் காய்கறி வாங்கவும், மருந்துக்கடையில் மாத்திரை கேட்கவும், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லவும் தமிழே போதும்.

சாமுண்டி அடிவாரம்:

மைசூருவைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். காவிரி நீர், அகன்ற சாலைகள், நல்ல பள்ளிகள், பெங்களூருவை விடக் குறைந்த வாடகை ஆகிய அனைத்தும் இங்கே உண்டு. 2023இல் திறக்கப்பட்ட விரைவுச்சாலையால் பயண நேரமும் குறைந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

மைசூரு நல்ல ஊர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த விரைவுச்சாலை காருக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் வசதி உள்ளவர்களுக்கானது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் பிரதானப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. ரயிலிலோ சீசன் சீட்டுக்கு 150 கிலோமீட்டர் வரம்பு இருக்கிறது. மைசூருவிலிருந்து ஒயிட்ஃபீல்டு அதற்கும் அப்பால். ஐந்து நாளும் அலுவலகம் என்று அவர் தெளிவாக எழுதியிருப்பதால், மைசூருவை இத்துடன் விட்டுவிடலாம்.

என் மறுப்பு தங்கவயலைப் பற்றியது. வாடகை எங்கே குறைவு என்று மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது அரைக் கணக்கு. பங்காருப்பேட்டையிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தங்கவயலிலிருந்து என்றால் அதற்கு மேலும் அரை மணிக்குக் குறையாது. நிலையத்திலிருந்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஆகும் நேரத்தையும், மாலையில் வண்டி பிந்துவதையும் சேர்த்தால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். நான்காம் வகுப்புப் பிள்ளை புதிய ஊரில் புதிய மொழியை எழுதப் பழகும் முதல் ஆண்டில், விளக்கு வைத்த பிறகுதான் தாய் வீடு திரும்புவார் என்றால், அந்தப் பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது? 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி, எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். நான்காம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மூன்று ஆண்டுப் பாக்கி இருக்கும். அதற்குத் தனிப்பயிற்சிக் கட்டணம் என்று ஒரு செலவு வரும்.

கணவரின் தொழிலையும் எண்ணிப் பாருங்கள். சம்பாதிப்பவர்கள் விடியுமுன் ரயிலேறி இரவில் திரும்பும் ஊரில் பகலெல்லாம் கடையைத் திறந்து வைத்திருந்தால் யார் வருவார்கள்? ஒயிட்ஃபீல்டுக்கு அருகே காடுகோடியிலோ ஹொசக்கோட்டையிலோ சிறிய வீடாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்து, 10,000 என்ற வரம்பைச் சற்றுத் தளர்த்துவதே மொத்தத்தில் மலிவாக முடியும் என்பது என் கருத்து.

தங்கவயல் மைந்தன்:

கணக்குப்பிள்ளை அவர்கள் எங்கள் கடைத்தெருவை மாலையில் பார்த்ததில்லை போலும். கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர் அதை இரவில் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்வார். கடை இரவு வரை திறந்திருந்தால் போதும். காடுகோடியில் கடை முன்பணமே அவர் சேமிப்பைத் தின்றுவிடும். பிறகு எதைத் தளர்த்துவது? நால்வர் ஒற்றை அறையில் இருப்பதை 'சிறிய வீடு' என்று எழுதிவிடலாம்; அதில் வயதான மாமியார் பகல் முழுவதும் எங்கே உட்காருவார்?

பயண நேரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நகரத்துக்குள்ளேயே பேருந்தில் ஒன்றரை மணி நேரம் நின்றபடி போகிறவர்கள் ஏராளம். ரயிலில் அதே நேரத்தை உட்கார்ந்து கழிக்கிறோம்.

ஓசூர்ச் சாலை:

தங்கவயலைப் புகழ்பவர்கள் சயனைடு மண்மேட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. பொன் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் மலைபோல் குவிந்து கிடக்க, ஆடிக்காற்றில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து படிகிறது என்பது ஊரறிந்த செய்தி. மூச்சுத் தொல்லை உள்ள முதியவரை அங்கே அழைத்துச் செல்வது முறையா?

தங்கவயல் மைந்தன்:

உள்ளதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. மேடுகள் இருக்கின்றன, காற்றுக் காலத்தில் ஜன்னலை மூடித்தான் வைக்கிறோம். 13 மேடுகளைத் தோண்டி மீண்டும் பொன் பிரிக்கும் திட்டத்துக்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலை தொடங்கினால் தூசி கூடுமா குறையுமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. மேட்டை ஒட்டிய சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் பகுதிகளைத் தவிர்த்து, ராபர்ட்சன்பேட்டையில் உள்ளே தள்ளி வீடு பார்த்தால் தொல்லை குறைவு. மாமியாருக்கு உண்மையிலேயே மூச்சுத் தொல்லை இருந்தால் எங்கள் ஊர் வேண்டாம் என்று நானே சொல்வேன்.

அதோடு ஓர் எச்சரிக்கை. சுரங்கக் கம்பெனி நிலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடுகளை மிகக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சிலர் வருவார்கள். அந்த வீடுகளின் உரிமை எல்லாருக்கும் தெளிவாகத் தீர்ந்துவிடவில்லை. தனியார் பட்டா நிலத்தில் உள்ள வீட்டையே எடுங்கள்.

வைகைக்கரை:

மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய செய்தி. அப்படியென்றால் இதே ரயில் பாதையில் வேறு ஊர் ஏதேனும் ஒத்துவருமா? லீசு பற்றியும் யாரும் இன்னும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:

லீசு பற்றித்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனெனில் இதில் போனால் மொத்தமும் போகும். நம் பக்கத்துப் போக்கியம் போலத்தான்: சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பழைய கடனை அடைக்கவோ அடுத்த மாடி கட்டவோ செலவழித்துவிடுவார். நீங்கள் வெளியேறும்போது அடுத்த லீசுக்காரர் கிடைத்தால்தான் உங்கள் பணம் வரும். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை தவறி ஏலத்துக்கு வந்தால், முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வங்கியின் முன் நிற்பது வீண். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவுக்கு வர மறுக்கும் வீட்டுக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் முன்பணமும் வேண்டாம். உங்கள் நிலையில் 11 மாத வாடகை ஒப்பந்தமே பாதுகாப்பு. ஊர் பிடிக்காவிட்டால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தங்கவயல் மைந்தன்:

லீசு விஷயத்தில் கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

ஊரைப் பொறுத்தவரை பங்காருப்பேட்டையைப் பாருங்கள். சந்திப்பு நிலையம் என்பதால் எங்கள் கிளைப்பாதை வண்டிகளும் வரும், ஜோலார்ப்பேட்டை வழியாக வரும் வண்டிகளும் நிற்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம். பகலிலும் வியாபாரம் நடக்கும் கடைத்தெரு. தமிழ் பேசுபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். முதியவருக்கு அவசரம் என்றால் கோலார் தமகாவில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாலூர் இன்னும் அருகில்; ஆனால் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு வாடகை ஏறிவிட்டது, செங்கல் சூளைகளும் உண்டு. ஆஸ்துமாவுக்கு அது ஆகாது.

தண்ணீரைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிக்கச் சுத்திகரித்த நீரைக் குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

ஓசூர்ச் சாலை:

ஆக, குடிநீருக்கும் காசு, தனிப்பயிற்சிக்கும் காசு, ரேஷனும் கிடையாது. இதற்குப் பெயர் செலவு குறைந்த ஊரா?

கணக்குப்பிள்ளை:

எதிர்ப்பக்க வரவையும் எழுத வேண்டுமல்லவா? கர்நாடக முகவரிக்கு ஆதாரை மாற்றிவிட்டால், சக்தி திட்டத்தில் மாநிலத்துக்குள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயில் நின்ற நாளில் கோலார் வழியாகப் பேருந்தில் வந்துவிடலாம். ஓசூர் முகவரியில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இலவச மின்சாரத்துக்கான கிருஹ ஜோதி திட்டத்தில் வாடகைக்காரரும் பதிவு செய்யலாம்; ஆனால் 200 யூனிட்டும் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். முந்தைய சராசரிப் பயன்பாட்டுக்கு மேல் பத்து சதவீதம் வரைதான் இலவசம். 200ஐத் தாண்டினால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

காடுகோடிதான் சிறந்தது என்ற என் கருத்து மாறவில்லை. ஆயினும் வரம்பு 10,000தான் என்பது உறுதியானால் தங்கவயலை விடப் பங்காருப்பேட்டை மேல்.

வைகைக்கரை:

கணவரோடு பேசினேன். லீசு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். முதல் 11 மாதத்துக்குப் பங்காருப்பேட்டையில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு பார்க்கப் போகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, மறுநாள் காலை அலுவலக நேரத்து வண்டியிலேயே ஒயிட்ஃபீல்டு வரை சென்று பார்ப்பதாக இருக்கிறோம். எங்கள் ஸ்கூட்டரைக் கொண்டுவரலாமா, அங்கேயே பழையது ஒன்று வாங்குவதா?

கணக்குப்பிள்ளை:

கொண்டுவாருங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. ஆனால் கர்நாடகத்தில் வாகன வரி அதிகம். ஓராண்டுக்கு மேல் தங்குவது உறுதியானால் மதுரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டிய ரசீதை வைத்து அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேளுங்கள். குடிவந்த தேதியைக் காட்ட வாடகை ஒப்பந்தத்தின் நகலை வண்டியிலேயே வைத்திருங்கள். சோதனையில் நிறுத்தினால் அதைத்தான் கேட்பார்கள்.

தங்கவயல் மைந்தன்:

திங்கட்கிழமை வண்டியில் ஏறும்போது பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று நடைமேடையில் பூ விற்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.