பரீட்சைத் தாளில் ஏ.எம்.டி.ஜி. எழுதியவர்களே, மனதை விட்டுப் போகாத ஃபாதர், சிஸ்டர், வாத்தியார் யார்?

தாமிரபரணிக்காரன்:
சேசு சபைப் பள்ளியில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேர் எழுத மறந்தாலும் தாளின் உச்சியில் ஏ.எம்.டி.ஜி. எழுத மறக்க மாட்டோம். ‘இறைவனின் அதிமிக மகிமைக்கே’ என்பதன் இலத்தீன் சுருக்கம். நமக்கு அது பிள்ளையார் சுழி மாதிரி, கை தானாக எழுதிவிடும்.

பத்தாம் வகுப்பு அரையாண்டு, கணக்குப் பரீட்சை. முன்னால் இருந்தவன் தாளைப் பார்த்து ஒரு தேற்றத்தை அப்படியே இறக்கிக்கொண்டிருந்தேன். ஃபாதர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்றே தெரியாது. பிரம்பு விழும் என்று தோளைக் குறுக்கினேன். விழவில்லை. விரலைத் தாளின் உச்சியில் வைத்தார். “மேல எழுதியிருக்கியே, அதை மட்டும் அடிச்சிரு. மத்தது இருக்கட்டும்” என்றார். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இப்போது ரோடு வேலைக்கு அளவு எடுத்து எழுதுகிறவன் நான். கையெழுத்துப் போடும்போதெல்லாம் கண் தாளின் உச்சிக்குப் போய்விட்டுத்தான் கீழே வருகிறது.

உப்பளத்துப் பெண்:
எங்களுடையது கான்வென்ட். வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் ஃபைன், அதற்கென்று மேஜையில் ஒரு தகர டப்பா. தமிழ் ஐயா மட்டும் நெற்றி நிறைய விபூதியோடு வருவார். ஒரு நாள் போர்டில் ‘கெ’, ‘கே’ என்று இரண்டையும் எழுதினார். அந்தக் காலத்தில் குறிலுக்குத்தான் மேலே புள்ளி, ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பல பேர் வைக்காமலே விட்டுவிடுவார்கள், படிக்கிறவன்தான் கெடு, கேடு எது என்று முழிக்க வேண்டும் என்றார். அப்புறம் ‘கே’யின் கொம்பில் இருக்கும் மேல்சுழியைச் சாக்பீஸால் தடிமனாக்கினார். “இந்தச் சுழியைப் போட்டது இத்தாலியில இருந்து வந்த ஒரு ஃபாதர். வீரமாமுனிவர். 1732-ல சதுரகராதி செஞ்சவரும் அவர்தான். அவர் மட்டும் இந்த ஸ்கூல்ல இருந்திருந்தா எவ்வளவு ஃபைன் கட்டியிருப்பாரோ!”

வகுப்பே சிரித்தது. அதே நேரம் வராந்தாவில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஐயாவும் பார்த்தார், சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. சிஸ்டர் காதில் விழுந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. டப்பா என்னவோ வருஷக் கடைசி வரை அங்கேயேதான் இருந்தது. நான் தமிழ் எம்.ஏ. படித்ததற்கு அந்தச் சுழிதான் காரணம்.

மூணாம்பெஞ்ச்:
முதல் பதிவில் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து வயதுப் பையனிடம் கடவுள் பேரை அடி என்பது பிரம்படியை விட மோசம். இதற்கெல்லாம் ‘மறக்க முடியாத ஆசிரியர்’ என்று மாலை போடுகிறோம். எனக்கும் ஒருவர் இருந்தார், முட்டி போட வைத்தே பிதாகரஸைப் புகட்டினார். தேற்றம் மறந்துவிட்டது, முட்டிவலி இருக்கிறது. நல்ல ஆசிரியர் என்றால் கலாமுக்குக் கத்தோலிக்கப் பள்ளியில் கிடைத்த அய்யாதுரை சாலமோன் மாதிரி இருக்க வேண்டும்.

பழைய ஹாஸ்டலர்:
மூணாம்பெஞ்ச், சாலமோன் இருந்தது இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி. சுவார்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி. கத்தோலிக்கக் கணக்கில் சேராது. கலாம் நம் பக்கம் வந்தது 1950-ல், திருச்சி சூசையப்பர் கல்லூரிக்கு. திட்டுவதற்கு முன்னால் சபையையாவது சரியாகப் பிடியுங்கள்.

உப்பளத்துப் பெண், உங்கள் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழறிஞரான ஃபாதர் தனிநாயகம் அடிகளே வடக்கன்குளம் பள்ளியில் வேலைக்கு வந்த பிறகுதான் பண்டிதர் ஒருவரிடம் தமிழை முறையாகப் படித்தார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றவர் அவர்.

என் கதை சின்னது. டைபாய்டில் கிடந்தபோது வார்டன் பிரதர் ராத்திரி மூன்று மணிக்குக் கஞ்சி கொண்டுவந்தார். அலுமினியத் தூக்கு, மூடியில் ஒரு துண்டு நார்த்தங்காய். அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய ஃபாதர், சிஸ்டர்களைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே கிளம்புங்கள். பள்ளியில் போய்க் கேட்டால் ‘டிரான்ஸ்பர் ஆகிட்டாங்க’ என்பதோடு முடிந்துவிடும். எந்தச் சபை என்று முதலில் கண்டுபிடியுங்கள். சபையின் மாநிலத் தலைமை இல்லத்துக்குக் கடிதம் போடுங்கள், யார் எந்த இல்லத்தில் இருக்கிறார் என்று அங்கே தெரியும். அந்தக் கால சிஸ்டர்கள் பலருக்கு வீட்டுப் பேர் ஒன்று, துறவுப் பேர் ஒன்று. இரண்டும் தெரிந்தால் எழுதுங்கள். போகும்போது மத்தியானம் போகாதீர்கள், தூங்குவார்கள். நாலு மணி டீக்குப் பிறகு போங்கள். கேக் வேண்டாம், பாதிப் பேருக்குச் சர்க்கரை. பழைய வகுப்பு போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள், கண் சரியாகத் தெரியாது. ‘என்னை ஞாபகம் இருக்கா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவர்கள், பாவம். நீங்களே வருஷத்தையும் பெஞ்சையும் சொல்லிவிடுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
நன்றி ஹாஸ்டலர். எனக்கு அந்த வழி இல்லை. ஃபாதர் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு முறை கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுதிரி வைத்தேன்.

உப்பளத்துப் பெண்:
அண்ணே, நீங்கள் ஒன்றைச் சொல்லவே இல்லை. அதை அடித்தீர்களா, இல்லையா?

தாமிரபரணிக்காரன்:
அடித்தேன் தங்கச்சி. ஸ்கேல் வைத்து, நேராக.

தாளைத் திருத்திக் கொடுத்தபோது 71 போட்டிருந்தார். அந்தத் தேற்றத்துக்கும் முழு மார்க்.