ஹஷிமாவுக்குப் போகலாமா? ஆளில்லாத கரித்தீவைப் பற்றி ஒரு விவாதம்

கடலோடி:
சென்ற இலையுதிர்காலத்தில் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்திலிருந்து படகேறி ஹஷிமா தீவுக்குப் போய்வந்தேன். தொலைவிலிருந்து பார்க்கப் போர்க்கப்பல் போலத் தெரிவதால் 'குன்கன்ஜிமா', அதாவது போர்க்கப்பல் தீவு என்பது அதன் பட்டப்பெயர். நீளம் சுமார் 480 மீட்டர், அகலம் 160 மீட்டர். இந்த அளவு இடத்தில் 1959இல் 5,259 பேர் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, திரையரங்கு, கோயில் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் கடலுக்கு அடியில் கிடந்த நிலக்கரி. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஏப்ரலுக்குள் ஊர் காலியாகிவிட்டது. மூன்றே மாதம்!

இறங்கிப் பார்க்க 2009 முதல்தான் அனுமதி. கைப்பிடி போட்ட நடைபாதையில் சுமார் 220 மீட்டர் நடக்கலாம். மூன்று இடங்களில் நின்று பார்க்கலாம். கட்டடங்களுக்குள் போக முடியாது. இரண்டாவது இடத்தில் நிற்கும்போது எதிரே ஒரு கான்கிரீட் படிக்கட்டு தெரிகிறது. ஏறிப் போனால் எங்கும் சேராத படிக்கட்டு. தொழிலாளர்கள் அதில் ஏறித்தான் சுரங்கக் கூண்டுக்குப் போவார்களாம். கூண்டு 600 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கும். அங்கிருந்து இன்னும் ஆழத்துக்கு நடை. வெப்பம் 30 டிகிரி, காற்றில் ஈரம் 95 சதவீதம். வேலை முடித்து மேலே வந்தவர்கள் உடுத்த துணியோடு முதல் குளியல் தொட்டியில் இறங்குவார்கள், அந்தத் தண்ணீர் எப்போதும் மையாய்க் கறுத்தே கிடக்கும் என்றார் வழிகாட்டி.

இன்னொன்றும் என்னை உலுக்கியது. தீவின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைக் கட்டியது 1975இல், ஊர் காலியான பிறகு. அதுவரை இரவு முழுதும் வீடுகளிலும் சுரங்கத்திலும் விளக்கு எரிந்ததால் கப்பல்களுக்குத் தனி விளக்கு தேவைப்படவில்லையாம்.

வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மலாயாப் பேரன்:
மறுப்பு இருக்கிறது ஐயா. படிக்கட்டைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள். 1940களில் அந்தப் படியில் ஏறியவர்களில் கொரியர்களும் சீனர்களும் இருந்தார்கள். தாமாக வந்தவர்கள் அல்லர், கொண்டுவரப்பட்டவர்கள். உங்கள் வழிகாட்டி அதைச் சொன்னாரா?

கடலோடி:
சொல்லவில்லை. அன்று என் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். உடன் வந்த நண்பருக்கு ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும். அவரிடமும் கேட்டுவிட்டேன். பேச்சே இல்லை.

மலாயாப் பேரன்:
அதனால்தான் போகக் கூடாது என்கிறேன். 2015 ஜூலையில் இந்தத் தீவு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 'மெய்ஜி தொழிற்புரட்சித் தளங்கள்' என்று மொத்தம் 23 இடங்கள், அதில் இது ஒன்று. தென்கொரியா எதிர்த்தது. அப்போது ஜப்பானின் பிரதிநிதியே சபையில் எழுந்து, 1940களில் கொரியர்கள் உள்ளிட்ட ஏராளமானோர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டுச் சில தளங்களில் கடுமையான நிலையில் வேலை வாங்கப்பட்டார்கள் என்று சொன்னார். அவர்களை நினைவுகூர ஒரு தகவல் மையம் அமைப்போம் என்றும் சொன்னார். மையம் 2020இல் திறந்தது. எங்கே? தீவிலும் இல்லை, நாகசாகியிலும் இல்லை, டோக்கியோவில். உள்ளே இருந்ததைப் பார்த்த பிறகு, 2021இல் உலகப் பாரம்பரியக் குழு தன் தீர்மானத்தில் கடும் வருத்தம் தெரிவித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத இடத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய்ப் படம் எடுத்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

என் பெயரைப் பார்த்தாலே காரணம் புரியும். இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனது. என் தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். திரும்பவில்லை. அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரியில், போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

முல்லைக்கொடி:
தம்பி, உங்கள் வலி புரிகிறது. அதை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 'போகக் கூடாது' என்ற முடிவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் முப்பது ஆண்டு வரலாறு கற்பித்தவள். மறைக்கப்பட்ட ஒன்றைத் தேடுகிறவர்கள் அங்கே போகாமல் நின்றுவிட்டால், மிச்சம் போகிறவர்கள் யார்? இடிந்த சன்னல்களைப் படம் எடுக்க மட்டும் வருகிறவர்கள். அப்புறம் கேள்வி கேட்கவே அங்கு ஆள் இருக்காது.

அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்களின் நினைவையும் பாருங்கள். ஊரில் மண்ணே இல்லாததால் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டைமாடியில் காய்கறி வளர்த்தார்கள். பிள்ளைகள் செடி என்றால் என்ன என்று அங்கேதான் கற்றார்கள். 1957இல் கடலுக்கு அடியில் குழாய் போடும் வரை குடிநீர் படகில்தான் வந்தது. இதுவும் உழைப்பாளிகளின் வரலாறுதான். ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை அழிக்க வேண்டுமா?

சுண்ணாம்புக்காரை:
நான் கட்டடப் பொறியாளன். நீங்கள் இருவரும் என்ன முடிவுக்கு வந்தாலும் அந்தக் கட்டடங்கள் காத்திருக்கப் போவதில்லை. அங்கே 30ஆம் எண் கட்டடம் 1916இல் எழுந்தது. ஜப்பானில் கம்பி கட்டிய கான்கிரீட்டால் ஆன முதல் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று சொல்கிறார்கள், ஏழு மாடி. 2020இல் அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்தது.

காரணம் எளிது. அலை அடிக்கும்போதெல்லாம் உப்பு நீர் சுவரில் தெறிக்கிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் காரை வெடித்துப் பெயரும். பெயர்ந்த இடத்தில் இன்னும் உப்பு இறங்கும். ஐம்பது ஆண்டாக இது நிற்காமல் நடக்கிறது. பழுதுபார்ப்பது என்றால் கம்பியையே மாற்ற வேண்டும். அப்புறம் அது பழைய கட்டடமாக இருக்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று: உலகப் பாரம்பரியத் தகுதி அந்த அடுக்குமாடிகளுக்கு இல்லை. அவை மெய்ஜி காலத்துக்கு (1868–1912) பிந்தியவை. தகுதி பெற்றவை சுரங்கத்தின் மிச்சங்களும் பழைய கடற்சுவர்களும்தான். ஆதியில் அது ஒரு சின்னப் பாறைத்திட்டு. சுவர் கட்டிக் கட்டி, சுரங்கக் கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி, இன்றைய அளவுக்கு வளர்த்தார்கள். அந்தப் பழைய சுவர்களில் கல்லைச் சேர்த்துப் பிடிப்பது சிமென்ட் இல்லை. செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்து, 'அமகாவா' என்று பெயர். நூறாண்டுக்கு மேல் அலையடி வாங்கியும் பல இடங்களில் நிற்கிறது. நான் போனால் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் போவேன், ஆனால் தொட விடமாட்டார்கள்.

என் கருத்து: கடற்சுவரைக் காப்பாற்றுங்கள். கட்டடங்களை லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து பதிவு செய்யுங்கள். பிறகு அவை விழட்டும்.

முல்லைக்கொடி:
"விழட்டும்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அது யாரோ ஒருவரின் சமையலறை ஐயா. குழந்தையின் உயரத்தை அளந்து கோடு போட்ட கதவு நிலை அங்கே இருக்கலாம்.

சுண்ணாம்புக்காரை:
இருக்கலாம் அம்மா. அந்தக் கதவு நிலையைக் கழற்றி எடுத்துக் காட்சியகத்தில் வைக்கலாம் என்பேன். மேலே நிற்கும் ஏழு மாடியை நிறுத்தி வைக்க முடியாது. பொய்யான நம்பிக்கை கொடுப்பதைவிட இதைச் சொல்வதுதான் என் தொழிலுக்கு மரியாதை.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் பிளேனாவனில் 'பிக் பிட்' என்ற சுரங்கம் இருக்கிறது. 1980இல் மூடினார்கள், 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நான் போயிருக்கிறேன். தலைக்கவசமும் விளக்கும் மாட்டிவிட்டு, கைக்கடிகாரம், தொலைபேசி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாயு தீப்பற்றிவிடக் கூடாது என்று இன்றும் பழைய சுரங்க விதி. கூண்டில் 90 மீட்டர் இறங்கினோம். அழைத்துப் போனவர் முன்பு கரி வெட்டியவர். ஓரிடத்தில் எல்லோரும் விளக்கை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு முன் கையை ஆட்டினேன், தெரியவில்லை. குதிரைகளுக்கு அந்த இருட்டில்தான் தொழுவம் இருந்தது. பேணுவது என்றால் எனக்கு இதுதான்.

கடலோடி:
ஆனால் ஹஷிமாவில் கீழே இறங்க வழியே இல்லை. சுரங்கம் மூடப்பட்டு நீரில் கிடக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் மேலே இருந்த ஊரைத்தான்.

மலாயாப் பேரன்:
என் குறையே அதுதான் ஐயா. கீழே போக முடியாது என்பதால் கீழே நடந்ததைச் சொல்லாமலும் விடலாமா? மேலே கட்டடம், மொட்டைமாடித் தோட்டம், எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி என்று அழகாகக் கதை முடிந்துவிடுகிறது. ஊரைப் பற்றிச் சொல்வதெல்லாம் 1950, 60களின் கதை. பட்டியலில் சேர்த்தது மெய்ஜி காலத்துக்காக. நடுவே இருக்கும் போர்க்காலம் மட்டும் எங்கே போனது?

முல்லைக்கொடி:
அங்கே இருந்த பழைய குடியிருப்பாளர்கள் சிலர், கொரியர்களோடு நாங்கள் அண்டை வீட்டாராகப் பழகினோம், கொடுமை எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள். டோக்கியோ மையத்தில் அத்தகைய வாக்குமூலங்கள்தான் முன்னால் நிற்கின்றன. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று அவர்கள் குழந்தைகள். எட்டு வயதுப் பிள்ளை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்திருக்கும். 600 மீட்டருக்குக் கீழே என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பிள்ளையின் நினைவும் வேண்டும், கீழே இருந்தவரின் நினைவும் வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்கு மறுப்பாக நிறுத்துவதுதான் தவறு. இந்த ஓர் இடத்தில் தம்பி சொல்வது சரி. என் முதல் பதிவில் நான் இதை எழுதாமல் விட்டேன்.

மலாயாப் பேரன்:
நன்றி அம்மா. நான் தேடியது இந்த ஒரு சொல்லைத்தான். அப்படியென்றால் நீங்கள் இன்னும் போகச் சொல்வீர்களா?

முல்லைக்கொடி:
சொல்வேன். படித்துவிட்டுப் போகச் சொல்வேன். படகில் ஒருவராவது எழுந்து நின்று, போர்க்காலத்தில் இங்கே வேலை செய்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பத்துப் படகில் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது படகின் வழிகாட்டி பதிலைத் தயாராக வைத்துக்கொள்வார்.

மலாயாப் பேரன்:
அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை. சபையில் கொடுத்த வாக்கையே காப்பாற்றாதவர்கள், படகுப் பயணியின் கேள்விக்கு அசைவார்களா? தீவில் ஒரு கல் நடட்டும், அதில் கொரிய மொழியிலும் சீன மொழியிலும் எழுதட்டும். அன்றைக்கு நான் முதல் படகில் போகிறேன்.

சுண்ணாம்புக்காரை:
போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டிக்கெட் வாங்கினாலும் இறங்குவது உறுதியில்லை. காற்றும் அலையும் சற்று மிஞ்சினாலும் படகு தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். 2020 செப்டம்பர் புயல்களில் நடைபாதை சேதமாகிப் பல மாதம் யாரையும் இறக்கவில்லை. கல் நடுவதானால் கடற்சுவருக்கு உள்ளே, நடைபாதையை ஒட்டி நடுங்கள் தம்பி. வெளியே நட்டால் ஒரு புயலுக்கு நிற்காது.

மலாயாப் பேரன்:
கடலோடி ஐயா, ஒன்று கேட்க வேண்டும். ஹஷிமாவில் சுடுகாட்டுக்குக்கூட இடமில்லை. இறந்தவர்களைப் பக்கத்தில் இருக்கும் நகனோஷிமா என்ற சின்னத் தீவில்தான் எரித்தார்கள், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். உங்கள் படகு அந்த வழியாகப் போனதா? படம் ஏதாவது இருக்கிறதா?

கடலோடி:
போனது தம்பி. வெறும் பாறை என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எடுத்த 200க்கு மேற்பட்ட படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே ஒரு படத்தில் இருக்கிறது. ஹஷிமாவை எடுக்கும்போது ஓரத்தில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் மரம், கொஞ்சம் பாறை, பாதி படகின் கம்பியில் மறைந்திருக்கிறது. வெட்டாமல் அப்படியே இன்று இரவு ஏற்றுகிறேன்.