நீள மூக்கு பீட்டர்பில்ட்டா, சரிந்த மூக்கு கேஸ்கேடியாவா? டெக்சாஸில் தம்பி லாரி வாங்குகிறான், யோசனை வேண்டும்

வள்ளியூர்க்காரன்

அண்ணாச்சிமாரே, லாரித் தொழில் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள். என் தம்பி டல்லாஸ் பக்கம் ஒரு கம்பெனிக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். வண்டி பிரைட்லைனர் கேஸ்கேடியா, முன்பக்கம் சரிவாக, மூலை எல்லாம் உருட்டி வைத்திருக்குமே, அந்த ரகம். இப்போது சொந்தமாக வாங்கப் போகிறான், அதுவும் பழைய பீட்டர்பில்ட் 389 ஒன்றின் மேல்தான் கண். நீள மூக்கு, நிமிர்ந்த கிரில், பானெட்டுக்கு இரண்டு பக்கமும் உருண்டையாக ஏர் கிளீனர், கேபினுக்குப் பின்னால் குரோம் புகைக்குழாய் இரண்டு. போட்டோ வந்ததிலிருந்து அப்பாவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, அந்தக் காலத்து டாடா பென்ஸ் மூக்கு லாரி மாதிரியே இருக்கிறது என்கிறார். முன்பணத்தில் பாதி இங்கே பனைவிளை விற்ற பணம், அதனால்தான் எனக்குக் கவலை. அவன் இழுக்கப்போவது 53 அடி மூடின டிரெய்லர், பெரும்பாலும் ஐ-10, ஐ-20 ரோட்டில் மேற்கே போய்த் திரும்புகிற லோடு. எதை வாங்கச் சொல்ல?

கயத்தாறு டிரெய்லர்

தம்பி, நான் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மதுரைக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறவன். அமெரிக்க வண்டி ஓட்டியதில்லை, ஆனால் காற்றைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஆனி, ஆடியில் கயத்தாறு தாண்டி வந்து பாருங்கள். ரோட்டோரம் காற்றாலை எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும், எம்ப்டி கண்டெய்னரோடு போகிறவன் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டு போவான், ஆக்சிலேட்டர் அதே மிதியில் இருக்கும், வேகம் மட்டும் இறங்கும். காற்று நேராக எதிரே வந்தால்கூடப் பரவாயில்லை, பக்கவாட்டில் வரும்போது கேபினுக்கும் கண்டெய்னருக்கும் நடுவே உள்ள சந்தில் புகுந்து பெட்டியின் முகத்தில் போய் மோதும். அந்த இடத்தில்தான் டீசல் போகிறது. மூக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள், அந்தச் சந்து எவ்வளவு, அதை மறைக்கக் கேபினின் இரண்டு பக்கமும் தகடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் லாரிக்கு 80 தான் உச்சம், லோடோடு 50, 60 க்கு மேல் எங்கே போகிறோம்? அந்த வேகத்தில் காற்று பெரிய செலவு வைக்காது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு. தம்பி ஓட்டுகிற ரோட்டில் என்ன வேகம் என்று கேளுங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஹூஸ்டன் நெல்லைக்காரன்

அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. வேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன், இங்கே சொந்த வண்டிதான் ஓட்டுகிறேன். மேற்கு டெக்சாஸில் ஐ-10, ஐ-20 இரண்டிலும் மணிக்கு 80 மைல் வரை அனுமதி உள்ள நீட்டல்கள் இருக்கின்றன, அதாவது 128 கிலோமீட்டர். 65 மைலில் போகும்போதே தட்டை ரோட்டில் சக்தியில் ஏறக்குறைய பாதி காற்றைத் தள்ளவே போய்விடும். 65-ஐ 75 ஆக்கினால் தடை இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஏறும். நிமிர்ந்த கிரில், வெளியே துருத்திய ஏர் கிளீனர், புகைக்குழாய், ஒவ்வொன்றும் அங்கே காசு கேட்கும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். வருஷத்துக்கு 1,00,000 மைல் என்று வையுங்கள். நீள மூக்கு வண்டி கேலனுக்கு 6 மைல் கொடுத்தால் 16,667 கேலன். சரிந்த மூக்கு வண்டி 8 கொடுத்தால் 12,500. டீசல் கேலன் 4 டாலர் என்று வைத்தால் வித்தியாசம் 16,600 டாலருக்கு மேல், ஒரே வருஷத்தில். (நம் கணக்கில் 6 என்பது லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர், 8 என்பது 3.4.) 8 ஒன்றும் பேராசை இல்லை. 2017 இல் ‘ரன் ஆன் லெஸ்’ என்று ஏழு லாரிகளை நிஜ லோடோடு ஓட்டிக் காட்டினார்கள், சராசரி 10.1 வந்தது. எல்லாம் காற்றுக்கேற்ற வண்டிகள், நல்ல டிரைவர்கள்.

நீள மூக்கு இந்த நாட்டில் ஏன் பிழைத்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1982 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு நெடுஞ்சாலையில் டிரெய்லரின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், முன்வண்டி எவ்வளவு நீளமானாலும் கேள்வி இல்லை. நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் மொத்த நீளத்துக்கு வரம்பு, அதனால் மூக்கைச் சுருக்கி டிரைவரை இன்ஜின் மேலேயே உட்கார வைத்தார்கள்.

மேலப்பாளையம் மெக்கானிக்

எல்லாரும் டீசலையே பேசுகிறீர்கள், ரிப்பேரை யார் பேசுவது? நம் வண்டியில் ஒரு சின்ன வேலைக்குக்கூடக் கேபினைத் தூக்க வேண்டும், உள்ளே கிடக்கிற தண்ணீர் பாட்டில், சாமி படம் எல்லாம் முன்கண்ணாடியில் வந்து விழும். நீள மூக்கில் பானெட்டை முன்னால் சாய்த்துவிட்டு டயர் பக்கத்தில் நின்றுகொண்டே கை விடலாம், இடம் தாராளம். சரிந்த மூக்கில் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்திருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், ஹெட்லைட் முழு செட்டாகத்தான் வரும், மான் குறுக்கே விழுந்தால் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று எங்கள் மச்சான் முறையில் ஒருவர் அங்கிருந்து சொல்லுவார். பழைய ரகத்தில் இரும்பு பம்பர், அதை நிமிர்த்தி ஓட்டலாம். விற்கும்போதும் நீள மூக்குக்கு விலை நிற்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஹூஸ்டன் நெல்லைக்காரன்

அண்ணாச்சி, விலை நிற்பது உண்மைதான், மறுக்கவில்லை. கென்வொர்த் டபிள்யூ900 என்கிற நீள மூக்கு வண்டியை 1961 இலிருந்து போட்டவர்கள் 2026 உடன் நிறுத்துகிறோம் என்று சொன்ன பிறகு அந்த ரகத்துக்கு மவுசு இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் பழைய உருவம் என்பதற்காக உள்ளேயும் பழைய இன்ஜின் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. 2010 க்குப் பிறகு வந்த 389 என்றால் அதிலும் புகை வடிகட்டி உண்டு, புகையின் நச்சைக் குறைக்க ஊற்றுகிற ஆட்புளூ திரவமும் உண்டு, கோளாறு வந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் ரோட்டோரம் நிறுத்தும். அப்புறம், 389 இன் கேபின் குறுகல். அதற்கு அடுத்து வந்த 589 இல்தான் 2.1 மீட்டர் அகலம் ஆக்கினார்கள். வாரக்கணக்கில் அதற்குள்ளேயே தூங்கி எழுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாளை புக்கிங் ஆபீஸ்

நான் கணக்கு எழுதுகிறவள், வண்டியைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஹூஸ்டன் தம்பி சொன்ன 16,600 ஐ 12 ஆல் வகுங்கள், மாதம் 1,380 டாலர் வருகிறது. வண்டி டியூவில் பெரிய பங்கு அதிலேயே அடைந்துவிடும். விற்கும்போது வரும் லாபம் என்றைக்கோ வரும், டியூ மாதாமாதம் வரும். லோடு இல்லாத மாதத்தில் தம்பி கையில் என்ன நிற்கும் என்பதைப் பாருங்கள். விளை விற்ற பணம் என்றீர்கள், அது திரும்ப வராது.

கயத்தாறு டிரெய்லர்

ஒரு வேலைக்கு மட்டும் நான் நீள மூக்கின் பக்கம். டெக்சாஸில் காற்றாலை மிக அதிகம், அமெரிக்காவிலேயே முதலிடம். நம் முப்பந்தலுக்கு இறக்கை கொண்டுபோகும்போது பார்த்திருப்பீர்களே, முன்னால் பைலட் வண்டி, நாற்பது, ஐம்பதில் ஊர்ந்து போவார்கள். அந்த மாதிரி வேலையில் காற்றைப் பற்றிக் கவலையே இல்லை, எடையைத் தாங்குவதுதான் விஷயம். முன் அச்சு மூக்கின் நுனியில் தள்ளி இருப்பதால் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடைவெளி கூடும், பாலம் தாங்குமா என்று அச்சு இடைவெளியை வைத்துப் போடுகிற கணக்கில் கூடுதல் எடை ஏற்ற அந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கும் என்கிறார்கள். தம்பி பிளாட்பெட்டுக்கோ ஹெவி லோடுக்கோ போகிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், அப்போது பேச்சு வேறு.

வள்ளியூர்க்காரன்

கேட்டுவிட்டேன் அண்ணாச்சி. ஹெவி லோடெல்லாம் இல்லை, மூடின டிரெய்லர்தான், குடோன் குடோனாக ஏற்றி இறக்க வேண்டும், சில இடத்தில் உள்ளே திரும்பவே இடம் இருக்காதாம். மாதக் கணக்கை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை, அப்புறம் ஒரு கேஸ்கேடியா போட்டோவும் ஒரு கென்வொர்த் டி680 (அதுவும் சரிந்த மூக்குதான்) போட்டோவும் அனுப்பியிருக்கிறான். இரண்டும் செகண்ட் ஹேண்ட். எதைப் பார்த்து வாங்க?

ஹூஸ்டன் நெல்லைக்காரன்

நல்லது. இடம் நெருக்கம் என்றால் அதுவும் இந்த ரகத்துக்கே சாதகம், முன் அச்சு பின்தள்ளி இருப்பதால் சுலபமாகத் திரும்பும், மூக்கு சரிவதால் முன்னால் ஒரு ஆள் நின்றாலும் தெரியும். இரண்டில் எது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டரைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். மொத்தம் ஓடின மணி, ஓடாமல் இன்ஜின் போட்டு நின்ற மணி, வாங்கினதிலிருந்து கொடுத்த மைலேஜ் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அந்த பிரிண்ட் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கேபின் பக்கத் தகடு உடைந்திருக்கிறதா, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுச் சந்து குறைய, டிரெய்லர் மாட்டும் ஐந்தாம் சக்கரத்தை எவ்வளவு முன்னால் தள்ளலாம், இந்த இரண்டையும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டி ஹூஸ்டன் பக்கம் நிற்கிறது என்றால் நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.