டாக்டர் இல்லாத நேரத்தில் மருந்து கொடுத்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நைட் டூட்டி:
ஆறு வருஷம் ஆகிறது, அந்த கேஸ் ஷீட் இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்ன தனியார் மருத்துவமனை. இரவு ஒன்றரை மணிக்கு இடுப்பு வலி தாங்காமல் ஒரு அம்மா அழுதார். டாக்டருக்குப் போன் போட்டேன். "டைக்ளோ ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். டைக்ளோஃபெனாக், வலி ஊசி. போட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சில் விசில் சத்தம். ஆஸ்துமா இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நெபுலைசர், ஆக்ஸிஜன் எல்லாம் வைத்து விடியும்போதுதான் மூச்சு சீரானது. காலையில் கையெழுத்துக்காக ஷீட்டை நீட்டினேன். பேனா மூடியைக் கழற்றிய டாக்டர், போனில் அவர் சொல்லித்தான் ஊசி போட்டேன் என்ற வரியைப் படித்ததும் திரும்ப மூடினார். "நான் அப்படிச் சொன்னேனா சிஸ்டர்?"

கிராம செவிலியர்:
எனக்கு நேர்மாறு. துணை சுகாதார நிலையத்தில் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு வலிப்பு, பிரஷர் 170/110. 108 வர நேரமாகும் என்றார்கள். வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் டோஸை நாங்களே போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம், மொத்தம் 10. ஒரு ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், 1 கிராம்தான், ஆக பத்து உடைக்க வேண்டும். ஏழாவதில் விரல் கிழிந்தது. கையுறையை மாற்றிக்கொண்டு மீதியை உடைத்தேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கேட்பார்களோ என்ற பயம் மட்டும் இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

லண்டன் சிஸ்டர்:
நைட் டூட்டி அக்கா, கோபிக்காதீர்கள். டாக்டர் சொன்னார் என்பதால் ஊசி போட்டவருக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. நான் இங்கிலாந்தில் மருந்து எழுதும் தகுதி பெற்ற நர்ஸ். 2006 முதல் இங்கே எங்களைப் போன்றவர்கள், தங்களுக்குத் தேர்ச்சி உள்ள துறையில் ஏறக்குறைய எல்லா மருந்தும் எழுதலாம். எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் சித்தி வந்து, "பேரனுக்குக் காய்ச்சல், நீதான் எழுதுவியே, ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடு" என்றார். நெருங்கிய சொந்தங்களுக்கு எழுதுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் நடத்தை விதி. முடியாது என்றேன். கொண்டுவந்த முறுக்கு டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

ஓய்வுபெற்ற இன்சார்ஜ்:
லண்டன் சிஸ்டர், அங்கே உங்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. இங்கே ஷெட்யூல் எச் என்ற சட்டப் பட்டியலில் உள்ள மருந்துக்குப் பதிவுபெற்ற டாக்டரின் சீட்டு வேண்டும். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளருக்கு ஆரம்பநிலை சிகிச்சையில் சில மருந்துகளை எழுத அளவான அனுமதி பற்றிப் பேசுகிறது. வார்டு நர்ஸ் அதைத் தனக்கானது என்று நினைத்துவிடக் கூடாது. என் வார்டிலும் ஒரு பெண் இப்படி மாட்டி, அழுதுகொண்டே வேலையை விட்டாள். அதனால் சின்னப் பெண்களுக்குச் சொல்கிறேன். போனில் ஆர்டர் வந்தால் மருந்து, அளவு, எந்த வழியில் என்பதைத் திருப்பிச் சொல்லி 'சரி' வாங்குங்கள். ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு நர்ஸையும் கேட்க வையுங்கள். நேரத்தோடு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அலர்ஜி, ஆஸ்துமா, அல்சர், கிட்னி, இந்த நான்கையும் கேட்காமல் வலி ஊசியைத் தொடாதீர்கள். டாக்டர் கோபப்பட்டால் படட்டும்.

நைட் டூட்டி:
லண்டன் சிஸ்டர் சொன்னது சரி. ஒரே ஒரு கேள்வி, கேட்டிருக்க வேண்டும். ஆனால் கையெழுத்தைவிட இன்னொன்றுதான் அதிகம் உறுத்துகிறது. டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மாவின் மகன், "ராத்திரி மூச்சுத் திணறினப்ப நீங்கதான் காப்பாத்தினீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எதனால் திணறியது என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு இனிமேல் டைக்ளோ கொடுக்காதீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை.