பழைய துப்பறியும் தேடல் ஆட்டம்: பொருளின் மேலேயே க்ளிக் செய்தாலும் தவறு என்கிறது. உதவி தேவை

வேப்பம்பூ:

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பிடித்துப்போன பொழுதுபோக்கு, கணினியில் ஹிடன் ஆப்ஜெக்ட் ஆட்டம். அதிலும் துப்பறியும் கதை உள்ளதுதான் வேண்டும். சாமான்கள் குவிந்து கிடக்கும் அறை, கீழே ஒரு பட்டியல், எல்லாவற்றையும் தேடி எடுத்தால் ஒரு தடயம், தடயங்கள் சேர்ந்தால் குற்றவாளி. 2000களின் நடுவில் வந்த ஆட்டங்கள்தான் அவருக்குப் பழக்கம். பழைய மேசைக் கணினி பழுதாகிவிட்டதால் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப் வாங்கி, அதே ஆட்டத்தை அதில் போட்டுக் கொடுத்தேன்.

கத்தரிக்கோல் கண்ணெதிரே தெரிகிறது. அதன் மேலேயே அம்புக்குறியை வைத்து க்ளிக் செய்கிறார். ஆட்டம் ஏற்காமல், தவறான க்ளிக் என்று நேரத்தைக் குறைக்கிறது. சில பொருள்கள் மட்டும் ஒழுங்காக எடுபடுகின்றன. படமும் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி அகலமாக இருக்கிறது.

அவருக்குச் சில மாதங்களுக்கு முன் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா, "கண்ணுதான் இன்னும் சரியாகல, விடும்மா" என்று லேப்டாப்பை மூடி வைத்துவிட்டார். நான் ஆடினாலும் இப்படித்தான் ஆகிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். எப்படியாவது இதைச் சரிசெய்து அவர் முன் வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலப்பூனை:

பழைய ஆட்டம் என்றால் எக்ஸ்பி கம்பாட்டிபிலிட்டி மோடில், அதாவது பழைய விண்டோஸ் எக்ஸ்பி போல ஓடும் அமைப்பில், போட்டுப் பாருங்கள். கூடவே "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" டிக் செய்யுங்கள். எனக்குப் பல ஆட்டங்கள் அப்படித்தான் ஓடின.

வேப்பம்பூ:

நன்றி. இரண்டையும் செய்தேன். க்ளிக் பிரச்சனை அப்படியே இருக்கிறது. இப்போது அப்பாவின் பெயரையே காணோம்! ஆட்டத்தைத் திறந்தால் புதிதாகப் பெயர் கேட்கிறது. இந்த லேப்டாப்பில் தட்டுத்தடுமாறி அவர் முடித்திருந்த வழக்குகள் எல்லாம் போய்விட்டனவா? அவருக்கு இன்னும் தெரியாது.

பூதக்கண்ணாடி:

அம்மா, பதற வேண்டாம். வழக்குகள் எதுவும் போகவில்லை, வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதை மட்டும் இப்போது செய்யாதீர்கள்.

முதலில் காணாமல் போன பெயர். அந்தக் காலத்து ஆட்டங்கள் பலவும் சேமிப்புக் கோப்பைத் தாங்கள் நிறுவப்பட்ட ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனர் அங்கே எழுத அனுமதி இல்லை. அதற்காகப் பழைய ஆட்டத்தை நிறுத்திவிடாமல், அது எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பயனர் பெயர், பிறகு ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்ல வேண்டும். விர்ச்சுவல்ஸ்டோருக்குள் உள்ள புரோகிராம் ஃபைல்ஸில் ஆட்டத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால் அப்பாவின் வழக்குகள் அங்கேதான். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டும்போது இந்தத் திருப்பிவிடுதல் நடக்காது. ஆட்டம் நேராக புரோகிராம் ஃபைல்ஸில் தேடும், அங்கே ஒன்றும் இல்லாததால் புது ஆள் என்று நினைத்துப் பெயர் கேட்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், பெயர் திரும்பி வரும். எக்ஸ்பி மோடையும் எடுத்துவிடலாம், இந்தக் கோளாறுக்கு அது தேவையில்லை. அப்படியே அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

இனி க்ளிக். ஒரு சோதனை செய்யுங்கள். ஆட்டத்தில் திரையின் இடது மேல் மூலைக்குப் பக்கத்தில் உள்ள பொருள் எடுபடுகிறதா? வலது கீழ் மூலைக்குப் போகப் போகப் பிழை கூடுகிறதா? அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் என்ற இடத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள்.

வேப்பம்பூ:

பெயர் வந்துவிட்டது, வழக்குகளும் அப்படியே இருக்கின்றன. மிக்க நன்றி ஐயா, உயிர் வந்தது.

சோதனையும் நீங்கள் சொன்னபடியேதான். இடது மேல் மூலையில் கிட்டத்தட்டச் சரி. நடுவில் தள்ளிப் போகிறது, வலது கீழ் மூலையில் ஒன்றுமே எடுபடவில்லை. ஸ்கேல் 125 சதவீதம்.

பூதக்கண்ணாடி:

அப்படியானால் காரணம் ஸ்கேல்தான். அப்பாவின் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நடப்பது இதுதான். லேப்டாப் திரை 1920க்கு 1080 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து பெரிதாகத் தெரிய 125 சதவீதம் வைத்திருக்கிறார்கள். ஸ்கேல் என்றால் என்னவென்றே தெரியாத பழைய நிரலிடம் விண்டோஸ், "திரை 1536க்கு 864தான்" என்று சொல்லிவிட்டு, அது வரையும் படத்தைத் தானே பெரிதாக்கிக் காட்டும். சாதாரண நிரல்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. முழுத்திரையைத் தன் பிடியில் எடுத்துக்கொள்ளும் ஆட்டங்களில் படம் ஒரு கணக்கிலும் மௌஸ் இன்னொரு கணக்கிலும் போய்விடுவதுண்டு. நீங்கள் 1000ஆவது புள்ளியில் க்ளிக் செய்தால் ஆட்டத்துக்கு 800 என்று போய்ச் சேரும். மூலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வித்தியாசம் தெரியாது, தூரம் போகப் போக விலகும். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகியிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன்.

தீர்வு: ஆட்டத்தின் ஷார்ட்கட்டில் ரைட் க்ளிக் செய்து "ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்" போங்கள். அங்கே ஆட்டத்தை ஓட்டும் ஈஎக்ஸ்ஈ கோப்பில் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. கீழே "சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் கடைசியில் உள்ள "ஓவர்ரைட்" பெட்டியை டிக் செய்து, அடியில் "அப்ளிகேஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய பக்கத்தில் "டிஸேபிள் ஃபுல்ஸ்க்ரீன் ஆப்டிமைசேஷன்ஸ்" என்பதையும் டிக் செய்யலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சில ஆட்டங்களில் நாம் திறப்பது வெறும் வாசல். விளம்பரத் திரையைக் காட்டிவிட்டு உள்ளே இன்னொரு ஈஎக்ஸ்ஈயை அது ஓட்டும். ஃபோல்டரில் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் இதையே செய்யுங்கள்.

ஒட்டுமொத்தத் திரைக்கும் ஸ்கேலை 100 ஆக்கினாலும் க்ளிக் சரியாகிவிடும். நான் அதைச் சொல்ல மாட்டேன். கண் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு மற்ற இடங்களில் எழுத்தைச் சிறிதாக்குவது நியாயமில்லை.

ராத்திரிவாசகர்:

படம் அகலமாகத் தெரிவதற்கு நான் சொல்கிறேன். மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் என்ற துப்பறியும் ஆட்ட வரிசையில் ஹன்ட்ஸ்வில் வந்தது 2005, ரேவன்ஹர்ஸ்ட் 2006. அந்தக் காலத்தில் மானிட்டர்கள் பெரும்பாலும் 4க்கு 3 அளவில் இருந்தன. ஆட்டங்களையும் 800க்கு 600, 1024க்கு 768 என்று அதற்கேற்ப வரைந்தார்கள். இன்றைய திரை 16க்கு 9. அதில் முழுக்க நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். வட்டக் கடிகாரம் முட்டை வடிவமாகிவிடும். மற்ற ஆட்டங்களில் பொறுத்துக்கொள்ளலாம், இதில் முடியாது. பொருளின் வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு குவியலுக்குள் அதைத் தேடுவதுதானே மொத்த ஆட்டமும்!

இன்டெல் கிராபிக்ஸ் என்றால் அதன் கமாண்ட் சென்டரில் டிஸ்ப்ளே பக்கத்தில் ஸ்கேல் என்ற இடத்தில் "மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ" கொடுங்கள். என்விடியா என்றால் கன்ட்ரோல் பேனலில் "அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்". இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், நடுவில் படம் ஓவியர் வரைந்தபடியே இருக்கும்.

வேப்பம்பூ:

இரண்டும் வேலை செய்தன! ஃபோல்டரில் இரண்டு ஈஎக்ஸ்ஈ இருந்தன, இரண்டுக்கும் போட்ட பிறகுதான் சரியானது. அப்பா வலது கீழ் மூலையில் ஒரு சாவியை முதல் க்ளிக்கிலேயே எடுத்தார். இப்போது விட்ட வழக்கில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

இன்னொரு கேள்வி. இருட்டான அறைக் காட்சிகளில் சின்னப் பொருள்களைப் பெரிதாக்கிப் பார்க்க வழி உண்டா? மௌஸ் பாயின்டரை செட்டிங்ஸில் பெரிதாக்கினேன், ஆட்டத்துக்குள் பழையபடி சிறிதாகவே இருக்கிறது.

பூதக்கண்ணாடி:

மிகவும் சந்தோஷம்.

ஆட்டம் தன் பாயின்டரைத் தானே வரைவதால் விண்டோஸ் அமைப்பு அங்கே எடுபடாது. பெரிதாக்கிப் பார்க்க விண்டோஸிலேயே மேக்னிஃபையர் இருக்கிறது. விண்டோஸ் விசையும் கூட்டல் குறியும் சேர்த்து அழுத்தினால் வரும், விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் போகும். கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மௌஸோடு நகரும் லென்ஸாக மாறும். முழுத்திரையில் பழைய ஆட்டங்கள் சில இதற்கு இடம் கொடுக்காது. அப்போது ஆட்டத்தின் ஆப்ஷன்ஸில் ஃபுல்ஸ்க்ரீனை அணைத்து விண்டோவில் ஆடச் சொல்லுங்கள்.

கடிகாரம் இல்லாத மோட் ஆட்டத்தில் இருந்தால் அதையே வைத்துக் கொடுங்கள். கண் தேறிவரும் நேரத்தில் அவசரப்பட்டுத் தேடுவானேன்?

கடைசிப்பெட்டி:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இதே காலத்துத் துப்பறியும் ஆட்டம் சிடியில் இருக்கிறது. நிறுவ முடிகிறது, திறந்தால் ஒன்றுமே வருவதில்லை. இதுவும் ஸ்கேல்தானா?

ராத்திரிவாசகர்:

இல்லை, அது வேறு. அந்தக் காலத்து சிடிகள் சிலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. அதற்கான டிரைவர் மென்பொருள் பாதுகாப்பு ஓட்டை என்பதால் விண்டோஸ் 10லிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் சிடியில் அந்தப் பூட்டு இருந்தால் 11லும் திறக்காது. அந்த டிரைவரை இணையத்தில் தேடிப் போடாதீர்கள், கணினிக்கு நல்லதல்ல. அதே ஆட்டம் டிஜிட்டல் பதிப்பாக விற்பனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பூட்டை நீக்கியே விற்பார்கள். சிடியின் மேல் உள்ள பெயரையும் ஆண்டையும் இங்கே எழுதுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.