பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வதில் சிக்கல், வழி சொல்லுங்கள்

வணக்கம். அலுவலகக் காகிதக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), பிடிஎஃப்/ஏ (நெடுங்காலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப் வகை), கூடவே ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்தெடுப்பது). கோப்புப் பெயர் '2019-04-17_ரசீது_0032' என்ற முறையில். ஆண்டு முன்னால் இருந்தால்தான் தேதி வரிசை தானாக அமையும். ஸ்டேப்ளர் பின்களை முதலிலேயே எடுத்துவிடுகிறோம். ஒன்று தப்பினாலும் கண்ணாடியில் கீறல் விழுந்து, பிறகு எல்லாப் பக்கத்திலும் அதே கோடு வரும்.

சிக்கல் மெல்லிய கார்பன் நகல்களில். ஸ்கேனர் இரண்டிரண்டு தாளாக இழுக்கிறது. விசிறிப் பிரித்து, 20 தாளுக்கு மேல் வைக்காமல், உருளையையும் துடைத்துப் பார்த்தாயிற்று. இரட்டைத் தாளைக் கண்டுபிடிக்கும் சென்சார் வேலை செய்கிறது. ஆனால் ரசீது ஒட்டிய பக்கத்தையும் இரட்டை என்று நிறுத்திவிடுகிறது! அதை அணைத்தால் பக்கம் விடுபடுவது தெரியாமலே போகும். ஒளிபுகும் உறைக்குள் வைத்து அனுப்பியவர்கள் உண்டா? வேகம் எவ்வளவு குறைந்தது?

இன்னொன்று, மங்கிப்போன வெப்பத்தாள் (சூட்டால் எழுத்து பதியும் தாள்) ரசீதுகள். கறுப்பு வெள்ளையில் வெற்றுத்தாளாக வருகின்றன. சாம்பல் நிறத்தில் எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது, ஓசிஆர் படிக்க மறுக்கிறது. கான்ட்ராஸ்ட்டை எந்தக் கட்டத்தில் கூட்டுகிறீர்கள், ஸ்கேன் செய்யும்போதா, பிறகா?

ஸ்கேனர் மாடலையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.